விஷம் திரும்பி வந்த மதியம்

தஞ்சாவூரில் ஒரு பூஞ்சை ஆய்வகத்தில் நான் உதவியாளன். பெயர்தான் பெரிது, பாதி வேலை தேங்காய் துருவுவது. நிலக்கடலையில் விஷம் ஏற்றும் பச்சைப் பூஞ்சையைத் தேங்காய்ப்பால் சேர்த்து உறையவைத்த தட்டில் வளர்ப்போம். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், விஷம் சுரந்திருக்கும் இடம் நீலமாக ஒளிரும்.

அந்தப் பூஞ்சையைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. விஷம் தயாரிக்க ஒரு கூட்டம் மரபணுக்களை வைத்திருக்கிறது. அத்தனையையும் ஒரே ஒரு மரபணு சுவிட்ச் போட்டு எழுப்பும், தேவையில்லை என்றால் அணைத்துவிடும். அந்தச் சிக்கனம் என் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது.

எங்களிடம் ஆராய்ச்சி செய்த பெண்ணுக்குச் சொந்த ஊர் பூம்புகார். அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த சுவிட்சையே அதட்டி வேலை வாங்கும் இன்னொரு மரபணு இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, மூன்று வருடம் போராடி அதை நீக்கினார். பூஞ்சை செழிப்பாக வளர்ந்தது, தட்டு ஒளிரவில்லை. நான் ஓடிப்போய் அல்வா வாங்கி வந்தேன். பேராசிரியர், "போதும்மா, தீசிஸ எழுதி முடிச்சுடு" என்றார்.

அந்தப் பெண் மட்டும் அல்வாவைத் தொடவில்லை.

"வலையில மீன் விழலேன்னா கடல்ல மீனே இல்லைன்னு சொல்லிட முடியுங்களா அண்ணே? வலை கிழிஞ்சிருக்கலாம்ல. அந்த மரபணுவ எடுக்கும்போது வேற எதையாவது கெடுத்திருந்தா? எடுத்தத திருப்பி வச்சுப் பாக்கணும். விஷம் திரும்பி வந்தாத்தான் நான் சொல்றது நிஜம்."

"வரலேன்னா?"

"மூணு வருஷமும் போச்சுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. கைக்கு வந்த டாக்டர் பட்டத்தை யாராவது இப்படி உரசிப் பார்ப்பார்களா? என்னால் முடியாது, அது எனக்குத் தெரியும். மறுநாளும் தேங்காய் துருவினேன்.

ஏழு மாதம் போனது. பலமுறை மரபணு உள்ளே உட்காரவே இல்லை. கடைசியில் ஒரு மதியம் மூன்று தட்டுகளோடு இருட்டறைக்குள் போனோம். எதையும் நீக்காத பூஞ்சை நீலமாக ஒளிர்ந்தது. மரபணு நீக்கியது இருண்டு கிடந்தது. மூன்றாவது, எடுத்ததைத் திருப்பி வைத்த தட்டு.

"நீங்களே வைங்கண்ணே" என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விளக்கின் கீழே வைத்தேன். ஓரத்தில் மெல்லிய நீல வளையம் ஒன்று தெரிந்தது.

"வந்துடுச்சும்மா."

சம்பா அறுத்த கையோடு கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. அந்த விஷத்தைப் பார்த்து அன்று எனக்கு அழுகை வந்தது. அவர் சுவர்ப் பக்கம் நின்றபடியே அப்பாவுக்கு போன் போட்டார்.

"வலை கிழியலப்பா" என்றார்.