முதல் பஸ்ஸில் போனவள்

தாராவியை அடுத்த சயான் தியேட்டரில் அக்காவோடு அந்தக் காலத்துக் கிராமத்துப் படம் பார்த்தேன். ஊருக்கு வந்த முதல் பஸ்ஸில் ஏறிக் கதாநாயகி காலேஜுக்குப் புறப்பட்டாள். ஹாரன் சத்தத்துக்குத் தியேட்டரே கைதட்டியது.

எங்கள் ஊருக்குப் பஸ் வந்தபோது நான் நாலாவது படித்தேன். தெருவெல்லாம் டீசலும் செம்மண் புழுதியும் கலந்து மணத்தது. ஒன்பதாவது முடித்திருந்த அக்காவிடம் அப்பா, "ஏட்டி, டவுன் பள்ளிக்கூடத்துல சேக்கணும், கெளம்பு" என்றார். அவள் புது நோட்டை மடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள். டவுனிலிருந்து அவளை ரயிலேற்றிக்கொண்டு போய், தாராவியில் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்குக் கட்டிவைத்துவிட்டு, அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

இடைவேளையில், "படம் எப்படிக்கா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளைட்ட எங்க போறோம்னு சொல்லி ஏத்துதாவளே" என்றாள்.