நம்ம ஆள்

ராகலைக்குப் போகும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசிருந்தது. ஏறினால் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்பதால் நடந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் எத்தனையோ இடங்களிலிருந்து கிளம்பியிருக்கிறேன். துரத்தியிருக்கிறார்கள், பட்டினியில் நானாகவும் போயிருக்கிறேன். வெட்கப்பட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

நுவரெலியாவில் ஒரு விடுதியில் பூந்தோட்ட வேலை எனக்கு. சமையல் செய்த அக்கா வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. பின்னறையில், உயிருக்குப் பயந்து வேறு நாட்டிலிருந்து ஓடிவந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது: கணவன், மனைவி, காய்ச்சலில் கிடந்த பெண்குழந்தை. எங்கள் நாட்டில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த வாரம் அது; முஸ்லிம் என்றாலே சந்தேகப்பட்டார்கள். காலையில் ஏழெட்டுப் பேர் தேசியக் கொடியோடு வந்து, வெளிநாட்டுக்காரர் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். நேற்றே போய்விட்டார்கள் என்று அக்கா கூசாமல் பொய் சொன்னார். வந்தவர்களில் மூத்தவர், ராகலையில் மரக்கறிக்கடை வைத்திருந்த முதலாளி, என் தோளில் கைபோட்டார்.

"மல்லி, நீ நம்ம ஆள்தானே? நாட்டுக்காகச் சொல்லு" என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி.

சோதனைச் சாவடிகளில், தமிழ்ப் பெயர் என்பதால் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களைத்தான் அதுவரை அறிவேன். நம்ம ஆள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பயத்தில் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அந்தக் கை தோளில் இருந்தது எனக்கு இதமாக இருந்தது. பின்னறையைக் கண்ணால் காட்டினேன்.

அடிக்கவில்லை, வெளியேறப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். தூறலில் போர்வைகளைச் சுருட்டிக்கொண்டு வந்த அந்தக் குழந்தையின் அப்பா, தினமும் காலையில் செய்வதுபோலவே என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொன்னது யாரென்று அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"பிரஜாவுரிமை இல்லாமக் கெடந்த நம்மளயே நேத்துதான்டா இந்த நாட்டுல சேத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள அடுத்தவன வெரட்டுற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டியா? எங்க சித்திய இந்தியாவுக்குன்னு ரயில் ஏத்துனப்ப, இருங்கன்னு சொல்ல ஒரு நாதி இல்ல."

"எங்கக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

"எங்க தோட்டத்து லயத்துக்கு. ஒத்தக் காம்பிராவுல ஏழு பேரு கெடக்குறோம். பத்தாயிட்டுப் போவுது. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காம கேட்டத் தெற. அதையாச்சும் செய்."

திறந்துவிட்டேன். நாலு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அக்கா அந்த வேலைக்குத் திரும்பவில்லை. நான் அவரைத் தேடிப் போகவுமில்லை. இப்போதும் ரயில் வட்டகொடையில் நிற்கும்போது ஜன்னலோரம் உட்காரமாட்டேன்.

போகும்போது முதலாளி, வேலை வேண்டுமென்றால் கடைக்கு வா என்று சொல்லியிருந்தார். அன்றே நடந்து போய், மறுநாள் காலை அங்கேதான் லீக்ஸ் மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். ராகலையில் வேறு கடைகளும் இருந்தன.