ஒரு 'க'வில் தொலைந்த ஆடு

ஸ்காட்லாந்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அங்கே ஒரு பள்ளத்தாக்கில் ஓடும் ஓடைகளுக்குப் பெயர் பதிவதுதான் போன வருடம் முழுக்க என் பிழைப்பு, வெஸ்ட் வின்ட்சரில், வீட்டு பேஸ்மென்ட்டில். ஒரு பழைய வரைபடத்தைப் புதுப்பிக்கிறார்கள். அதில் ஓடைகள் இருந்தன, பெயர்கள் இல்லை. கேலிக் மொழியில் அந்தப் பெயர்களைச் சொல்ல மிஞ்சியிருந்தவர், படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர். அவர் சொல்வதை அவருடைய மகள் போனில் பதிந்து அனுப்புவார். ஹெட்போனில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

கேலிக்கில் எழுதுவது ஒன்று, சொல்வது வேறு. அதனால் காதில் விழுந்ததை நான் தமிழில் எழுதி, டெக்சாஸில், ஆலனில் இருக்கும் சக ஊழியருக்கு அனுப்புவேன். அவர் கோயமுத்தூர்க்காரர். அகராதியைப் பார்த்து கேலிக் எழுத்தில் ஏற்றுவது அவர் வேலை. முடித்த பெயர்களை அந்த மகள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவார்.

ஒரு நாள் அந்த மகளிடமிருந்து மெயில். நுரையோடை என்று ஓர் ஓடையே கிடையாது என்று அப்பா கத்துகிறார். காது கொடுத்துக் கேட்காதவர்களுக்கு இனி ஒரு பெயரும் சொல்ல மாட்டாராம். மலையின் மேல்பகுதி ஓடைகள் அத்தனையும் பாக்கி. எனக்கு எரிச்சலாக வந்தது. படுத்த படுக்கையிலும் இவ்வளவு வீம்பா என்று நினைத்தேன். பழைய பதிவைப் போட்டுக் கேட்டேன். நான் எழுதியிருந்தது 'கோவர்'. கோயமுத்தூர்க்காரருக்கு போன் போட்டேன்.

"இதை எப்படி நுரைன்னு போட்டீங்க?"

"நீங்க 'க'ன்னுதானுங்க அக்கா அனுப்பினீங்க. கேலிக்ல சி எழுத்து போட்டா நுரை, ஜி போட்டா ஆடு. ஓடைன்னா நுரைதானுங்களே? ஆடு எங்கிருந்துங்க வரும்?"

நமக்கு இரண்டுக்கும் ஒரே 'க'தான். தெரிந்த சொல்லென்றால் நாக்கு சமாளித்துக்கொள்ளும். தெரியாத ஊர் ஓடைக்கு அது என்ன செய்யும்?

திருத்தி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினோம். பல வாரங்கள் பதிலே இல்லை.

பிறகு ஒரு பதிவு வந்தது. முதலில் மூச்சு வாங்கும் சத்தம். பெரியவர் அந்த ஓடையின் பெயரை மெல்லச் சொன்னார். இவர்கள் மறுபடியும் கோட்டை விடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் நிறுத்தி, "மே..." என்று ஆடு மாதிரியே கத்தினார். நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாடியிலிருந்து என் மகள், "அம்மா, இஸ் தட் எ கோட்?" என்றாள்.

"ஆமாடி, ஆடுதான்."

சிரித்தேன். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. கோபம் தீர்ந்துவிட்டது, இனி மேல்பகுதியைத் தொடங்கிவிடுவார் என்று நம்பினேன்.

அதுதான் கடைசிப் பதிவு. அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று அவர் மகள் எழுதினார். பிறகு அப்பாவே இல்லை என்று. இருந்த கொஞ்ச மூச்சை எங்களுக்காக ஓர் ஆட்டுக்குச் செலவழித்திருக்கிறார்.

மேல்பகுதியில் ஒவ்வொரு நீலக் கோடாகத் தொட்டு, 'பெயர் தெரியவில்லை' என்று பதிந்தேன். அதில் எந்த எழுத்துக் குழப்பமும் வரவில்லை.