வைக்கோல் கன்றின் வீதியுலா

"ஊசிக்காரனுக்கு மாடு புடிச்சுக் குடுக்கிற கை இது இல்ல. அப்படிப் புடிச்சிட்டேன்னா, இதை வெட்டிக் கடல்ல வீசிடறேன். மீனாவது துன்னுட்டுப் போவட்டும்!"

காலடிப்பேட்டைப் பால்காரர் பொன்னுரங்கம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது தெருக்குழாயடியில், குடமும் கையுமாகக் கூடியிருந்த மகாசபையின் முன்னிலையில். வெள்ளைக்காரன் கப்பலேறி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தபடியால் ஜனங்களுக்குப் பிரகடனங்கள் பழகிப்போயிருந்தன. எதிரே ஐஸ் பெட்டியோடு நின்றவர் கால்நடை இலாகா இன்ஸ்பெக்டர் லட்சுமணன்.

"கொடுங்கையூர் வரைக்கும் வெக்கை நோய் வந்தாச்சுய்யா," என்றார் அவர். "மாடு நல்லா இருக்கும்போதே ஊசி போட்டாத்தான் பொழைக்கும். நோய் கண்டப்புறம் போட்டுப் பிரயோஜனமில்லை."

"அந்த மருந்தை எதுலேந்து எடுக்கறீங்கோ?"

"ஆட்டிலிருந்து."

"கேட்டுக்கினீங்களா சனங்களே! ஆட்டு ரத்தத்தை மாட்டுக்கு ஏத்துவாராம். நாளைக்கு என் செவலை மே-ன்னு கத்திக்கினு போனா எவ பால் வாங்குவா?"

சபை குலுங்கிச் சிரித்தது. விஞ்ஞானம் தன் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தது.

உண்மைக் காரணம் வேறு. ஊசி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், சில நாள் பால் வற்றும் என்று இன்ஸ்பெக்டரே ஒப்புக்கொண்டிருந்தார். பால் வற்றினால் வாடிக்கை போகும். வாடிக்கை போனால் பொன்னுரங்கத்தின் சாம்ராஜ்யம் என்ன ஆவது? அந்தச் சாம்ராஜ்யம் நான்கு பசுக்கள். அதன் பட்டத்து ராணி செவலை.

இந்த இடத்தில் பட்டணத்துக் கறவைச் சாஸ்திரத்தைச் சொல்லியாக வேண்டும். பால்காரன் என்றால் தண்ணீர் கலப்பவன் என்பது அக்காலத்தில் எல்லா மதத்தாரும் ஒப்புக்கொண்ட ஒரே சித்தாந்தம். ஆகவே மாடே வாசலுக்கு வர வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வீட்டம்மாளின் கண்ணெதிரே கறக்க வேண்டும். பொன்னுரங்கமும் செவலையை உற்சவ மூர்த்திபோல வாசல் வாசலாக நிறுத்திக் கறந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை. பக்கத்துச் சந்தில் காத்தூன் பீவி என்ற விதவை மட்டும், தன் ஒற்றை மாட்டைக் கொல்லையிலேயே கட்டி, பாலை அளந்து விற்றாள். அவளை ஊரே சந்தேகப்பட்டது.

ஒருநாள் செவலையின் கன்றுக்குக் கண்ணில் நீர் வழிந்தது.

"யோவ், கன்னுக்கு வாயெல்லாம் புண்ணாக் கீது," என்றாள் மனைவி கன்னியம்மா. "கழிச்சல் வேற ஒரே நாத்தம். அந்த ஊசி டாக்டராண்ட போய்ச் சொல்லுய்யா."

"இன்னாமே தெரியும் உனக்கு? பால் ஜாஸ்தியாக் குடிச்சிட்டுக்கீது. டாக்டராண்ட சொன்னா நாலு மாட்டையும் கட்டிப்போட சொல்லுவான். அப்பால நீ பூவாவுக்கு இன்னா பண்ணுவே?"

கன்று செத்தது. கன்றில்லாமல் செவலை பால் சுரக்காது. அதற்குத்தான் தொழிலில் வழி இருக்கிறதே: தோலை உரித்து, வைக்கோல் திணித்து, காலுக்குக் குச்சி செருகினால் கன்று மறுபிறவி எடுத்துவிடும். தோலுக்கு உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பது வழக்கம். வாடிக்கையோ காயும்வரை காத்திராது. ஈரம் உலராத கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுநாளே வீதியுலா தொடங்கியது.

வாசலுக்கு வாசல் கன்று இறங்கியது. செவலை நக்கிற்று, பால் இறங்கிற்று. பொன்னுரங்கத்தின் தயாள குணத்தையும் சொல்ல வேண்டும். தோழன் தேசப்பனின் மாடு கறக்கவிடாமல் உதைக்கிறது என்றதும் கன்றைக் கடன் கொடுத்தார். காத்தூன் பீவி வாசலிலும் நின்று, "பீவிம்மா, உன் மாட்டை ஒரு தபா நக்கவுடட்டா?" என்றார்.

"அல்லாவே! கொடலப் புடுங்குது நாத்தம். எடுத்துக்கினு போ அண்ணே. என் கன்னு உசுரோடத்தான் கீது!"

சில நாளில் தேசப்பனின் தொழுவத்தில் கண்ணீர். அப்புறம் பொன்னுரங்கத்தின் தொழுவத்தில். மாடு எதுவும் தெருவில் நடக்கக் கூடாதென்று சர்க்கார் தண்டோரா போட்டது. வாடிக்கைக்காரியான கணக்கப்பிள்ளை வீட்டம்மாளிடம் சர்க்கார் செல்லுபடியாகவில்லை.

"தண்டோராவாவது ஒண்ணாவது! கண்ணால பார்க்காத பாலை நான் வாங்கமாட்டேன். பின்சந்து வழியா ஓட்டிக்கிட்டு வா."

நிற்க முடிந்த பசுவைப் பின்சந்து வழியாக ஓட்டினார். நோயும் பின்சந்து வழியாகப் போயிற்று. அதே வீட்டுக் கணக்கப்பிள்ளை, 'இலாகா தூங்குகிறதா?' என்று பத்திரிகைக்கு எழுதினார்.

செவலை விழுந்த காலையில் பொன்னுரங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் வைக்கோல் கன்றைக் கொண்டுபோய் அதன் முகத்தருகே வைத்தார். எழ முடியாத பசு நாக்கை நீட்டி அதை நக்கியது. நாக்கெல்லாம் புண். உச்சிவேளைக்குள் முடிந்துவிட்டது.

லட்சுமணன் வந்து, தோலை யாரும் உரித்தெடுக்காதபடி கத்தியால் கீறி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் செய்தார். வைக்கோல் கன்றும் குழிக்குள் போயிற்று.

"இதுக்குத் தோல் எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார்.

பொன்னுரங்கம் குழிக்குள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார். தேசப்பன்தான் சொன்னான்: "என் மாடு நக்கின கன்னு அது. இல்ல மாமு? ஷோக்கான தோஸ்து மாமு நீ."

வாரம் திரும்புவதற்குள் சாம்ராஜ்யம் முழுவதும் சுண்ணாம்புக்குள் அடங்கியது. பாலில் தண்ணீர் கலக்காதவர் என்று பேரெடுத்தவர், இப்போது குடம் சுமந்து, பால் கலக்காத தண்ணீரை வீடு வீடாக ஊற்றலானார். அதை யாரும் கண்ணெதிரே பிடிக்கச் சொல்லவில்லை.

தப்பிய மாடுகளுக்கு ஊசி போடக் குழாயடிக்கே இன்ஸ்பெக்டர் வந்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. காத்தூன் பீவி தன் மாட்டையும் கன்றையும் ஓட்டி வந்தாள். கொல்லையைத் தாண்டி அறியாத மாடு, கூட்டத்தைக் கண்டு மிரண்டு, இலாகா சேவகனை ஒரு உதை விட்டது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"புடிக்க ஆளில்லேன்னா நான் கிளம்பறேன்," என்றார் லட்சுமணன்.

பீவி கூட்டத்தைப் பார்த்தாள். ஆண்பிள்ளைகள் அவரவர் மாட்டைப் பிடித்திருந்தார்கள். மாடில்லாத ஆண்பிள்ளை ஒருவர்தான்.

பொன்னுரங்கம் குடத்தை இறக்கினார். வந்து மூக்கணாங்கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, மாட்டின் தலையைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டார். "த்தா... த்தா..." என்று கழுத்தைத் தடவினார். மாடு நின்றது.

"பால் நின்னுடுமாமே அண்ணே?" என்றாள் பீவி, பயந்த குரலில்.

"நிக்கும். நாலு நாள் நிக்கட்டும் பீவிம்மா."

ஊசி இறங்கியது. இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடப் போனார்.

"கன்னுக்கு?" என்றார் பொன்னுரங்கம்.

பதிலுக்குக் காத்திராமல் தரையில் மண்டியிட்டு, துள்ளிய கன்றை இரண்டு கைகளாலும் இறுக்கி அணைத்துப் பிடித்துக் கொடுத்தார்.