உப்பில்லாத குழம்பு

யுத்தம் முடிந்த சமயம். அடையாற்றங்கரையில் எங்கள் குடிசை. என் வீட்டுக்காரர் கொத்தனார். தியாகராய நகரில் புதிது புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால் வேலைக்குக் குறைவில்லை. காலையில் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் போவார். மத்தியானத்துக்குத் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும். வெயிலில் பாடுபடுகிறவருக்கு உப்பு வேண்டுமென்று நான் தாராளமாகவே போடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கால்கள் வீங்கின. சாரத்தில் ஏறினால் தலை சுற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"ரத்தக் கொதிப்பு. உப்பை நிறுத்தணும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதையும் தொடக்கூடாது" என்றார்.

வெளியே வந்ததும் இவர் முனகினார். "மருந்து குடுப்பாருன்னு வந்தா, சோத்துலயே கைய வெச்சிட்டாரே."

அன்று உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இன்னாமே இது, மண்ணு மாதிரி கீது."

"மண்ணுன்னு நெனச்சாவது துன்னுய்யா."

பாதி தின்றார். மறுநாளிலிருந்து கருவாடு வாங்குவதை விட்டேன். முகத்துவாரத்துக்கு நடந்துபோய், வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனை வாங்கி வந்தேன். மிளகும் பூண்டும் கூட்டி அரைத்தேன். சின்ன வெங்காயத்தை நிறையப் போட்டேன். இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தேன். சில நாள் நன்றாக வந்தது, சில நாள் எனக்கே இறங்கவில்லை.

அவர் தின்ற பிறகுதான் நான் உட்காருவது வழக்கம். ஒருநாள் என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார்.

"ஒனக்கு இன்னா நோவு? நீ உப்பு போட்டுக்கினு துன்ன வேண்டியதுதானே."

"ரெண்டு சட்டி வைக்க வெறகு ஏது?" என்றேன்.

விறகு இருந்தது. அவருக்கு எதிரில் உப்பும் கருவாடுமாகத் தின்ன எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

பொங்கலுக்குள் வீக்கம் நன்றாக வடிந்தது. திரும்ப வேலைக்குப் போனார். ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். கூட வேலை செய்கிறவர் பக்கோடா கொடுத்தாராம்.

"ஒண்ணே ஒண்ணுதான்மே. ஒரே உப்பு. வாயில வெக்க முடியல, துப்பிட்டேன். இத்தினி நாளா எப்பிடித் துன்னேன்னே தெரியல."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே முகத்துவாரத்துக்குப் போய் நண்டு வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"மொளகு கொஞ்சம் தூக்கலா போட்டு வையி" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.