என் பேச்சைக் கேட்டுக் கழற்றிய செருப்பு

முப்பதுகளின் நடுவில், நான் மயிலாப்பூரில் குடியிருந்தபோது நடந்தது இது. லஸ்ஸுக்குப் பக்கத்தில், வீடு கட்டித் தரும் ஒரு கான்டிராக்டரின் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்தேன். மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்து, தியாகராய நகர் என்று பெயரும் வைத்து, மளமளவென்று வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எங்களுக்கே அங்கே ஏழெட்டு வீடுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தீராத ஒற்றைத் தலைவலி. யாரோ கொடுத்த ஒரு சின்ன இயற்கை வைத்தியப் புத்தகத்தில், வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் பாதி வியாதி ஓடிவிடும் என்று போட்டிருந்தது. சரி, நடந்துதான் பார்ப்போமே என்று ஒரு மார்கழி மாதக் காலையில் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டேன். முதலில் கபாலீசுவரர் குளத்தைச் சுற்றி நடந்தேன். அப்புறம் கடைத்தெருவுக்கு. அப்புறம் ஆபீசுக்கே வெறுங்காலோடு போக ஆரம்பித்தேன்.

தலைவலி போயிற்றா என்று கேட்டால், போயிற்று என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் ஒன்று கிடைத்தது. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் நின்று பேச ஆரம்பித்தார்கள். 'எப்படி ஸார் முடிகிறது? என்ன வைராக்கியம்!' என்பார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு மாதத்தில் நானே ஒரு வைத்தியன் மாதிரி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். இங்கிலீஷ் வைத்தியம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவர்களோடு சண்டைக்கே போய்விடுவேன்.

என் மனைவிக்கு மட்டும் இதில் மரியாதையே கிடையாது. "ஊர்ல இருக்கற சகதியெல்லாம் ஆத்துக்குள்ள வந்தாச்சு. காலை அலம்பிண்டு வரக்கூடாதோ?" என்பாள். நான் அதையும் என் தியாகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு ரகசியம் சொல்லிவிடுகிறேன். நாலு மாதம் நடந்தும் என் கால் உரமேறவில்லை. சரளைக்கல்லில் கால் வைத்தால் உயிர் போகும். சித்திரை வெயிலில் தார்ரோட்டைத் தாண்டும்போது, யாரும் பார்க்கவில்லையென்றால் தாவித் தாவி ஓடுவேன். முள் குத்தினாலும் தெரியாத ஒரு கால் வேண்டும் என்று அந்த நாளில் நான் ஏங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் ஆபீஸ் பியூன் நொச்சிக்குப்பத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் ஆபீசுக்கு வந்துவிட்டார். வீட்டுப் பிளான்களையும் கடுதாசிகளையும் எடுத்துக்கொண்டு மாம்பலத்துக்கும் லஸ்ஸுக்கும் நடப்பதுதான் வேலை. அந்த நாளில் அவரை 'அவன்' என்றுதான் சொல்லுவேன். இப்போது எழுதும்போது கை வரவில்லை.

வைகாசியில் ஒருநாள் காலை, அவர் என் மேஜைக்கு எதிரே வந்து தயங்கி நின்றார். கையில் புத்தம்புதுச் செருப்பு ஒரு ஜோடி. பிறந்ததிலிருந்து செருப்பே போடாத மனிதர்.

"சார், ஆபீசுக்குள்ள இத்த போட்டுக்கினு நடக்கலாமா? டாக்டரு சொன்னாரு. ஊட்டுக்குள்ள கூட வெறுங்காலோட நடக்காதன்னாரு."

பியூன்கள் ஆபீசுக்குள் செருப்புப் போட்டுக்கொள்ளும் வழக்கம் அப்போது கிடையாது. அதனால்தான் என்னிடம் கேட்டார். எதற்காக டாக்டர் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"உடம்புல சக்கரை கீதாம் சார். காலு மரத்துப் பூடிச்சி. முள்ளு குத்தனா கூட தெர்ல."

முள் குத்தினாலும் தெரியவில்லை! நான் ஐந்து மாதமாகத் தவமாய்த் தவமிருந்தும் கிடைக்காத கால், இதோ எதிரே நிற்கிறது. அதைப் போய் வியாதி என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்ததே ஒரு வேகம். அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அது மரத்துப்போன கால் இல்லை, உரமேறிய கால் என்றேன். நாற்பது வருஷமாக மணலில் நடந்து சம்பாதித்ததைச் செருப்புக்குள் பூட்டி வைக்காதே என்றேன். சர்க்கரையை உடம்பிலிருந்து இறக்குவதற்கே வெறுங்கால் நடைதான் மருந்து என்று, அந்தப் புத்தகத்தில்கூட இல்லாததை நானாகச் சேர்த்துச் சொன்னேன். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் மனத்தைத் திருப்பியது அதுதான் என்று நினைக்கிறேன்.

"இனிமேல் மாம்பலம் போகும்போதெல்லாம் நானும் உன்னோடு வெறுங்காலில் வருகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே நடப்போம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பியூனோடு ஹெட்கிளார்க் சேர்ந்து நடப்பதென்றால் அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. செருப்பை ஒரு காகிதத்தில் சுற்றி, பழைய பைல் கட்டுகள் வைக்கும் அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் நடந்தோம். லஸ்ஸிலிருந்து ஆழ்வார்ப்பேட்டை, தேனாம்பேட்டை வழியாக மவுண்ட் ரோட்டைத் தாண்டி மாம்பலம். நான் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பேன். அவர் பிளான் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேர்க்கோடு போட்ட மாதிரி போவார். நெருஞ்சி முள்ளானாலும் செங்கல் ஜல்லியானாலும் அவருக்கு ஒன்றுதான். "சார் காலு கொயந்தப்புள்ள காலு மாதிரி கீது. ரோஸு கலரு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கோபமே வராது. ஆடிக் காற்றில் கடல் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மேகத்தைப் பார்த்தால் படகைத் தள்ளக்கூடாது என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். அவ்வளவு நல்ல பேச்சுத்துணை எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒருநாள், முடியும் தறுவாயில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். சாரம் பிரித்த பலகைகள் வாசலிலேயே கிடந்தன. அவற்றை மிதித்துத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். கூடத்தில் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் மேஸ்திரியோடு பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்த வெள்ளையில் வரிசையாகச் சிவப்புத் திட்டுகள். ஒரு அடி விட்டு ஒரு அடி. அவர் ஜன்னலோரம் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

காலைத் தூக்கச் சொன்னேன். வலது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு ஆணி கொண்டை வரைக்கும் இறங்கியிருந்தது. "அட, எப்ப ஏறிச்சி இது?" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இதை எழுதவே கூசுகிறது. ஆணியைப் பிடுங்கி, கொத்தனார், சித்தாள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கள், இதுதான் கால். ஆணி ஏறியும் தெரியவில்லை. நீங்களும் இருக்கிறீர்களே" என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவர் வெட்கத்தோடு சிரித்தார். மஞ்சளைக் குழைத்துப் போட்டு, ஒரு துணியைக் கிழித்துக் கட்டி, திரும்பவும் லஸ் வரைக்கும் அந்தக் காலோடு அவரை நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாளும் வந்தார். அடுத்த நாளும் வந்தார். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். வலியில்லையென்றால் அப்புறம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து ஆள் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருப்பார் போலிருக்கிறது, காலிக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றார்.

"அவுரு ஆஸ்பத்திரில கீறாரு சார். செருப்பு இங்க வச்சிக்கிறாராமே. ஊட்டுக்கு வரசொல்ல போட்டுக்கினு வரணும்னு எட்தாரச் சொன்னாரு."

நானே குனிந்து அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்தேன். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மாதத் தூசிதான் இருந்தது, அடித்தோல் துளிகூடத் தேயவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் அவற்றைத் துடைத்து, கூடைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சீக்கிரம் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் அவர் படுத்திருந்தார். போர்வை இடது பக்கம் கால் நீளத்துக்கு உயர்ந்திருந்தது. வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. நான் பார்வையை வேறெங்காவது திருப்பவேண்டுமென்று கீழே பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுகொண்டிருந்தபோது டாக்டர் வந்தார். முன்னால் செருப்புப் போடச் சொன்ன அதே டாக்டர். சீட்டைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், குனிந்து செருப்பையும் பார்த்தார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவு சொல்லியனுப்பினேனே, வாங்கியும் இருக்கிறாய். ஏனய்யா போடவில்லை?" என்றார்.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி. பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "பயக்கம் இல்ல சார். காலு கடிச்சிச்சி. அதான் கயட்டிப் போட்டுட்டேன்" என்றார்.

ஆணி ஏறினாலே தெரியாத காலைச் செருப்புக் கடித்ததாம். டாக்டர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. என் கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார், இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

டாக்டர் போன பிறகு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "இன்னாத்துக்கு சார் மூஞ்சி வாடிப் பூடிச்சி? நம்ம நட தான் நின்னு பூட்ச்சி. அதான் மன்சுக்குக் கஸ்டமா கீது" என்றார். பிறகு, "நீங்க முள்ளு பாத்து நடங்க சார். ஒங்க காலு தாங்காது" என்றார். நான் பழத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அழுதேனே தவிர, திரும்பிப் போய் அந்த டாக்டரைத் தேடவில்லை.

மறுநாள் மூலையில் கிடந்த என் செருப்பைத் தட்டி மாட்டிக்கொண்டேன். "செருப்புப் போட்டுண்டு கிளம்பறேளே, விரதம் முடிஞ்சுடுத்தா?" என்று மனைவி கேட்டாள். வெயில் அதிகமாக இருக்கிறது என்றேன். தெருவில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. வேண்டுமென்றபோது கழற்றினேன், வேண்டுமென்றபோது மாட்டிக்கொண்டேன்.

அவர் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு, இடது காலில் மட்டும் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு, குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டுமென்று பாடம் பண்ணிக்கொண்டுதான் போவேன். அவர் ஒரு பலகையை மணலில் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, காற்றையும் மேகத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நானும் அதையே பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். குடிசை வாசலில் வலது கால் செருப்பு ஒன்று ஆணியில் தொங்கும். கடைசி வரைக்கும் அது புதிதாகவே இருந்தது.

இப்போது அவரும் இல்லை, அந்த டாக்டரும் இல்லை. தினமும் காலையில் வாசலில் நின்று வலது காலைச் செருப்பில் நுழைக்கும்போது அந்த வார்டு கண்முன்னே வந்துவிடுகிறது. 'நான்தான் கழற்றச் சொன்னேன்' என்று மூன்றே வார்த்தை. அன்றைக்கு அந்தக் கட்டிலருகே நின்று சொல்லியிருக்க வேண்டியதை, இத்தனை வருஷம் கழித்து இந்தக் காகிதத்தில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.