எட்டு நிமிடமும் நஸீமா ரீச்சரும்

நஸீமா ரீச்சர் காலமான செய்தி, அதிகாலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தது. நான் கிறிஸ்தவன், வன்னியிலிருந்து வந்தவன். ஆனால் கரைத்தீவில் இத்தனை வருடம் குடியிருந்த பிறகு, "ஜனாஸா அறிவித்தல்" என்ற சொல் கேட்டதும் என் காதும் தானாகவே நிமிர்ந்துவிடும். கையில் எடுத்த பாண் துண்டை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் எங்கள் ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுதாபத்தோடு அனுதாபமாக எழுதியிருந்தார்: "உயர்தர விஞ்ஞான வகுப்பை இனி மூடிவிட்டுப் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பலாம்தானே?" ரீச்சரை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்த வகுப்பின் அருமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை எங்களுடையது. ரீச்சரும் மன்னாரிலிருந்து சிறு பெண்ணாக வள்ளத்தில் வந்து இறங்கியவர்தான். ஓலைக் கொட்டிலில் படித்து, பட்டம் பெற்று, பழைய மேசைகள் அடுக்கியிருந்த களஞ்சிய அறையை ஒதுக்கித் துப்புரவாக்கி அந்த வகுப்பைத் தொடங்கினார். பௌதிகவியல் அவர், கணிதம் நான்.

தொடங்கிய வருடமே மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் அல்லர், சிரித்த முகம். "அகதிப் பிள்ளைகளுக்குக் கலைப் பிரிவு போதும்தானே ரீச்சர்?" என்றார். ரீச்சர் அவரை விறாந்தைக்கு அழைத்துப்போய், களப்புக்கு மேலே நின்ற வெயிலைக் காட்டினார்.

"சேர், இந்த வெளிச்சம் சூரியன விட்டு வெளிக்கிட்டு எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. நாம பாக்குறது எட்டு நிமிஷத்துக்கு முந்தின சூரியன். பதினஞ்சு கோடி கிலோமீற்றர் தூரத்துக்கே அவ்வளவு சுணக்கம்தான். நீங்க எங்களுக்கு முன்னால நிண்டுகொண்டு இன்னும் தொண்ணூறாம் ஆண்டு ஆக்களயே பாக்குறீங்க. பொட்டியோட வந்து இறங்கின அந்தப் புள்ள இப்ப இங்க இல்ல. இப்ப இரிக்கிற ஆளப் பாத்துக் கதைங்க."

அதிகாரி குடிக்கக் கொடுத்த சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வகுப்புக்கு உண்மையான ஆபத்து வந்தது வெளியாரால் அல்ல, ஊருக்குள்ளிருந்தே, ஒரு நோன்பு மாதத்தில். ரிஸ்னா என்ற மாணவி எழுந்து கேட்டாள்: "ரீச்சர், வெளிச்சம் எட்டு நிமிஷம் பிந்தி வருதெண்டா, சூரியன் மறையிறதையும் நாங்க பிந்தித்தானே பாக்குறம்? அப்ப நோன்ப எட்டு நிமிஷம் முந்தித் திறக்கலாமா?" ரீச்சருக்குக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. "நல்ல கேள்வி. நாளைக்கு வரக்குள்ள யோசிச்சுக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். பிள்ளைகள் யோசிக்கவில்லை, வீட்டில் போய்ச் சொன்னார்கள். மீன்பிடிக்கப் போன ரிஸ்னாவின் நானாமார் இருவர், தங்கச்சி படிக்கிற விஞ்ஞானத்தை நம்பி, பள்ளியில் பாங்கு சொல்வதற்கு முன்பே வள்ளத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஊரே கொதித்தது. பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார், தகப்பன்மார் பலரோடு பாடசாலைக்கு வந்தார். "பாங்கு பிந்திச் சொல்லுறோம் எண்டு சொன்னீங்களாமே? இந்தப் படிப்பு எங்கட பொம்புளப் புள்ளைகளுக்கு என்னத்துக்கு? வகுப்ப நிப்பாட்டுங்க" என்றார். அதிபர் தலையைக் குனிந்துகொண்டார். ரீச்சர் குனியவில்லை.

"ஹாஜியார், நான் கேள்வியத்தான் வீட்டுக்கு அனுப்பினன். பதில் இன்னும் குடுக்கல்ல. நீங்களும் உக்காருங்க, சொல்லுறன்."

மண்டபத்து யன்னல்களைச் சாத்தி, மேசையில் ஒரு விளக்கை வைத்து, ரிஸ்னாவின் கையில் உதைபந்தைக் கொடுத்தார். பந்தில் வெண்கட்டியால் போட்ட ஒரு புள்ளிதான் கரைத்தீவு. "மெல்லச் சுத்து" என்றார். புள்ளி இருட்டுக்குள் போனது.

"மழத்துளி மேகத்தில இருந்து விழ நேரம் எடுக்குது. ஆனா நீங்க கூரைக்குள்ள ஒதுங்கின உடன நனையிறது நிக்குதுதானே? வெளிச்சமும் அப்படித்தான். அது எப்ப வெளிக்கிட்டாலும், பூமி எங்களத் திருப்பி ஒதுக்கின உடன எங்களுக்கு மஃரிப், நோன்பு திறக்கிற நேரம். சூரியன் எங்கயும் போகல்ல, திரும்புறது நாங்க. பாங்கு சரியான நேரத்துக்குத்தான் சொல்லுறீங்க."

ஹாஜியார் பந்தை வாங்கித் தானே ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு ரிஸ்னாவின் நானாமாரைப் பார்த்து, "ரெண்டு பேரும் அந்த நோன்ப இன்னொரு நாள் திருப்பிப் புடிச்சுக் களாச் செய்யுங்க" என்றார். மண்டபம் சிரித்தது. "வகுப்பு நடக்கட்டும்" என்று அவர் சொன்னதும் ரீச்சர் விட்டாரா? "அப்ப ஒங்கட பேத்தியையும் அனுப்புங்க" என்றார். அடுத்த வருடம் பேத்தி வந்தாள்.

நோய் முற்றிய பிறகும் ரீச்சர் உட்கார்ந்தபடி கற்பித்தார். ஒருநாள் இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "அருள் சேர், நான் மௌத்தானா ஆராவது வந்து, நட்சத்திரம் செத்தாலும் வெளிச்சம் வந்துகொண்டிரிக்கும் எண்டு அழகாக் கதைப்பாங்க. விடாதீங்க. சூரியன் அணைஞ்சா எட்டு நிமிஷம்தான் மிச்சம். அதுக்குள்ள வேற விளக்கக் கொளுத்தத் தெரியணும்."

அதனால்தான் இந்த அஞ்சலியில் அவர் ஒளியாக வாழ்கிறார் என்று நான் எழுதமாட்டேன். அவர் இல்லை. எனக்கு அது தாங்க முடியாததாக இருக்கிறது. ஆசிரியர் அறையில் அவருடைய கதிரையில் யாராவது உட்கார்ந்தால் சண்டைக்குப் போய்விடுவேன் போலிருக்கிறது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் நடந்தது. மையவாடியில் ஹாஜியார் என் கையைப் பிடித்து முன்னே இழுத்து, "நீங்களும் மண் போடுங்க சேர்" என்றார். போட்டேன். திரும்பி வரும்போது ரீச்சரின் வீட்டு வாசலில் ரிஸ்னா நின்றாள். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவள். கண் வீங்கியிருந்தது.

"சேர், வகுப்ப மூடப் போறாங்களாமே?"

"கதைக்கிறாங்கள்."

"கதைக்கட்டும். நியமனம் வாறபடி வரட்டும். திங்கக்கிழம நான் வாறன்."

வட்ஸ்அப்பில் அந்தக் கேள்வியைப் போட்டவருக்கு அன்று நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். திங்கட்கிழமை வகுப்பு நடந்தது. அந்த உதைபந்தையே கையில் எடுத்துக்கொண்டு ரிஸ்னா உள்ளே வந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அழுதவர்களும் இருந்தார்கள், கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். மூட விரும்புகிறவர்கள் வரலாம். முதலில் அந்தப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு மூடட்டும்.

போய் வாருங்கள் ரீச்சர். எட்டு நிமிடம் முடிவதற்குள் விளக்கைக் கொளுத்திவிட்டோம்.